மாகறல் வண்டியும் ஒரு கிளாஸ் சுடுதண்ணியும்

பிள்ளைகளே, பள்ளி விட்டு செவிலிமேட்டுக்கு நீங்கள் திரும்பி வரும் மாகறல் வண்டியைப் பற்றித் தினமும் ஒரு குறை சொல்கிறீர்கள். மற்ற வண்டிகளெல்லாம் சொன்ன நேரத்துக்குப் போகின்றன, இது மட்டும் இன்ஜினைப் போட்டுவிட்டு அப்படியே நிற்கிறது, டிரைவர் இறங்கி எங்கேயோ போகிறார், பிறகு நம் டீக்கடைக்கு வந்து நிதானமாக ஒரு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று. "உன்னாலதான்பா வண்டி லேட்டாவுது" என்று சின்னவன் நேற்று என்னையே குற்றம் சொன்னான்.

என்னால் இல்லை. அதற்குக் காரணமான ஒருவர் இருந்தார். அவர் இப்போது இந்த ஊரில் இல்லை. அவரைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

நான் பஸ் ஸ்டாண்டில் கடை போட்டபோது அவர் அங்கே டைம் கீப்பர். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையின் மேல் பித்தான் வரை போட்டிருப்பார். ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். மைக்கில் அவர் குரல் வந்தால் ஜனங்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். "செவிலிமேடு வழியா மாகறல் போற வண்டி புறப்படுது. ஏற வேண்டியவங்க ஏறிக்குங்க. படியில நிக்கறவங்க வழி விடுங்க." கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்வார். மற்ற டிரைவர்கள் அதை அப்படியே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள்.

கடைக்குத் தினமும் வருவார். ஆனால் டீ குடிக்க மாட்டார். பாய்லரிலிருந்து ஒரு கிளாஸ் சுடுதண்ணீர், அவ்வளவுதான். முதலில் எனக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது.

"இன்னா சார், டீக்கடைக்கு வந்து வெறும் தண்ணிய குடிச்சா பாக்கறவங்க என் டீய பத்தி இன்னா நினைப்பாங்க?"

"உன் டீ நல்லாத்தான் இருக்கும் மாஸ்டர். எனக்கு காலைல மொத வண்டி தண்ணி. அது போனாத்தான் பின்னாடி நிக்கற வண்டியெல்லாம் கெளம்பும்."

அவருக்கு உடம்பும் ஒரு பஸ் ஸ்டாண்டுதான். உள்ளே வந்தது நேரத்துக்கு வெளியே போக வேண்டும். போகவில்லை என்றால் நெரிசல். நெரிசலானால் நோய். இதை யாரிடமும் சொல்லக் கூச்சப்பட மாட்டார். புதிதாக வேலைக்கு வந்த கண்டக்டர் பையனைப் பார்த்தால் பேர், ஊர் கேட்பதற்கு முன்னால், "இன்னாபா, காலைல வெளிய போனியா?" என்று கேட்பார். அந்தப் பையன் திகைத்துப் போவான். "சொல்லு. போனியா இல்லியா? அங்க இன்னா ரகசியம்?"

ஒருநாள் உங்கள் அம்மா கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அப்போது பெரியவள் நீ அவள் வயிற்றில் இருந்தாய். இவர் சுடுதண்ணீர் கிளாஸோடு திரும்பி, டீ குடிப்பவர்கள் அத்தனை பேர் நடுவிலும், "இன்னாமா, மோஷன் சரியா போவுதா? இந்த நேரத்துல சிக்கல் இருக்கும்" என்றார். உங்கள் அம்மா தூக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். "அந்த ஆளு இருக்கற நேரத்துல என்னை கடைக்கு வரச் சொல்லாதய்யா" என்று வீட்டில் ஒரே சண்டை. மறுநாள் அவர் காகிதப் பொட்டலத்தில் காய்ந்த திராட்சை கொண்டுவந்து, "ராத்திரி ஊற வச்சி காலைல குடுக்கச் சொல்லு. தண்ணியும் நெறைய குடிக்கணும். டாக்டரம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று கொடுத்தார். உங்கள் அம்மா சாப்பிட்டாள். அவரைப் பார்த்தால் மட்டும் கடைசி வரை முறைத்துக்கொண்டுதான் போனாள்.

ஆனால் ஒன்று. அவர் பட்டினிச் சாமியார் இல்லை. கருட சேவை அன்று தெருவெல்லாம் கூட்டம் நெரியும்போது எனக்கு முன்னால் நின்று வடை கேட்பவர் அவர்தான். மந்தாரை இலையில் மிளகும் நெய்யும் மணக்கும் கோயில் இட்லி கிடைத்தால் விட மாட்டார். மறுநாள் மட்டும் வெறும் கஞ்சி. "திருவிழா முடிஞ்சா கோயில்காரங்களுக்கே ஓய்வு உண்டு மாஸ்டர். வயித்துக்கு வேணாமா?" என்பார். சாப்பாட்டுத் தூக்கில் வாழைத்தண்டு, முள்ளங்கி, கீரை, மோர் என்று ஏதாவது ஒன்று மாற்றி மாற்றி இருக்கும். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவார். "ராத்திரி வண்டி டெப்போல நிக்கும்போதுதானே கழுவறாங்க? நீ படுக்கற நேரத்துல புரோட்டாவ உள்ள தள்ளினா, உள்ள இருக்கறவன் இறக்கறத பாப்பானா, கழுவறத பாப்பானா?"

டிரைவர்கள் விஷயத்தில்தான் அவர் குணம் முழுசாகத் தெரியும். டிரைவர்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் நடுவழியில் முட்டும், வண்டி நிறைய ஜனங்களை வைத்துக்கொண்டு எங்கே இறங்குவது? அதனால் வெயில் காலத்தில்கூட நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். பாதிப் பேருக்குக் கிட்னியில் கல். பேச்சு வளர்த்துக்கொண்டு அரை நிமிடம் தாமதித்தால் கத்துகிற இதே டைம் கீப்பர், ஒருவன் நேராக வந்து டிரிப் ஷீட்டை நீட்டினால் கையெழுத்துப் போட மாட்டார்.

"ஒண்ணுக்குப் போனியா?"

"அடுத்த டிரிப்புல பாத்துக்கலாம் சார். டைம் ஆவுது."

"டைம் எனக்குத் தெரியும். மொதல்ல போய்ட்டு வா. மாஸ்டர்கிட்ட ஒரு கிளாஸ் தண்ணி குடி. அப்புறம் ஷீட்டு."

வண்டிக்குள் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். இவர் மைக்கை எடுப்பார். "டிரைவர் வந்துக்கினு இருக்காரு. பொறுத்துக்குங்க."

இந்த அறிவு அவருக்கும் எடுத்த எடுப்பில் வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் அவர் ஒரு விளக்கெண்ணெய்ப் பைத்தியம். ஒருமுறை, வருஷத்துக்கு இரண்டு தடவை பேதிக்குச் சாப்பிட வேண்டும், அதுதான் நம் வழக்கம், எல்லோரும் விட்டுவிட்டதால்தான் வியாதி என்று டிரைவர், கண்டக்டர் எல்லோரையும் பிடித்துப் பிடித்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையோடு அது நிற்கவில்லை. திங்கட்கிழமை காலையில் ஒரு கண்டக்டர் பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் டிக்கெட் பையைப் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினார். இன்னொரு வண்டி கிளம்பவே இல்லை. அன்று முழுவதும் மைக்கில் அவர் குரல் சுரத்தே இல்லாமல் இருந்தது. அதிலிருந்து பஸ் ஸ்டாண்டில் அவருக்கு 'விளக்கெண்ணெய்' என்றே பேர் ஆகிவிட்டது.

சில நாள் கழித்து என்னிடம், "தப்பு பண்ணிட்டேன் மாஸ்டர்" என்றார். "வழி விடணும். அவ்ளோதான் நம்ம வேலை. பின்னாடி நின்னு தள்ளக் கூடாது." அதற்குப் பிறகு அவர் யாருக்கும் மருந்து என்று எதையும் சொன்னதில்லை. தண்ணீர், கீரை, நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம். அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்வார். ஆனால் வந்த பேர் போகவில்லை. அதுதான் பின்னால் அவருக்கு வினையாக வந்தது.

மாகறல் வண்டி டிரைவர் அவருடைய தங்கை புருஷன். நல்ல உழைப்பாளி, நல்ல கை. சாயங்காலம் டூட்டி இறங்கியதும் குடிப்பார், அது ஒன்றுதான். வருஷக்கணக்கான பழக்கம். ஒரு வருஷம் வெயில் காலத்தில், வயதான டிரைவர்களுக்கெல்லாம் உடம்புப் பரிசோதனை வைக்கப்போகிறார்கள், ரத்தம் எடுப்பார்கள், ஈரல் கெட்டிருந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி டெப்போவில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஸ்டீயரிங் இல்லாமல் அவரால் தன்னை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒருவன் வேனில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்து நின்றான். கண்ணாடி ஜாடியில் கருப்பாக ஏதோ ஒரு தண்ணீர். உங்கள் உடம்புக்குள் இருப்பது இதுதான் என்றான். முப்பது வருஷத்து அழுக்கை மூன்றே நாளில் இறக்கிக் காட்டுகிறேன் என்றான். மூன்று நாளும் சாப்பாடு கூடாது, பொடி மட்டும்தான். டிரைவர் வாங்கிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார். டைம் கீப்பர் அங்கேதான் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மச்சான் சந்தோஷப்படுவார் என்று நினைத்து அந்தப் பொட்டலத்தைக் காட்டினார்.

"தூக்கிப் போடு மாப்ள."

"இன்னா மச்சான், ஊருக்கெல்லாம் சுத்தம் பண்ணு சுத்தம் பண்ணுன்ற. நான் பண்ணா தூக்கிப் போடுன்ற?"

"தேய்ச்சி எடுக்கறதுக்கு அது பித்தளை அண்டாவா? உள்ள ஈரல் ஒண்ணு, கிட்னி ரெண்டு. நீ பொறந்த நாள்லேர்ந்து சுத்தம் பண்றதுதான் அதுங்களுக்கு வேலை. லீவு கேக்காத ஸ்டாஃபு. நீதான் தெனம் சாயங்காலம் ஓவர்டைம் குடுத்து சாவடிக்கற. குடிய நிறுத்து. வேளைக்கு சாப்புடு, தண்ணி குடி, தூங்கு. டாக்டர்கிட்ட போய் ஈரல காட்டு. மிச்சத்த அதுங்க பாத்துக்கும்."

"அதுக்கு எத்தினி நாளாவும்?"

"அழுக்காக்க எத்தினி வருசம் ஆச்சுன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ."

டிரைவர் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டெஸ்டு அடுத்த வாரம் மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவளே, சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் உடம்பைக் கழுவ வேண்டும் என்று நீ வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் பச்சைப் பாக்கெட்டை நான் பார்த்தேன். அந்தக் கல்யாணம் அடுத்த வாரம் என்று உனக்கும் அவசரம். எனக்குப் புரிகிறது. மேலே படி.

டிரைவர் பொடியைக் குடித்தார். டூட்டிக்கும் வந்தார். மூன்றாவது நாள் முகூர்த்த நாள். பட்டுப்புடவைப் பையும் பிள்ளைகளுமாக பஸ் ஸ்டாண்டே திணறியது. மாகறல் வண்டியில் கால் வைக்க இடமில்லை. டிரைவர் என் கடைக்குப் பின்னால் வந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டார். நான் ஓடிப்போய் டைம் கீப்பரைக் கூட்டிவந்தேன்.

"ஒண்ணுக்கு எப்பப் போன?"

"நேத்து. ரவுண்டு ரவுண்டா பேதிதான் போவுது. அது வரல."

"நேத்து இன்னா கலரு?"

டிரைவர் சிரிக்கப் பார்த்தார். "மாஸ்டரோட டிகாக்‌ஷன் கலரு."

டைம் கீப்பர் சிரிக்கவில்லை.

"ஒரு டிரிப்பு மட்டும் எடுத்துட்டு வந்துடறேன் மச்சான். டூட்டில மயங்கிட்டான்னு நீ எழுதினா என் கதை முடிஞ்சிது. குடிச்சிட்டு வந்தான்னுதான் சொல்லுவானுங்க. ஸ்டீயரிங்க புடுங்கிடுவானுங்க."

"எத்தினி பேரு ஏறியிருக்காங்கன்னு பாத்தியா? நடுப்பாலத்துல கண்ணு கட்டினா இன்னா பண்ணுவ?"

டைம் கீப்பர் நிரம்பி நின்ற வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உண்மையை எழுதினால் தங்கை புருஷன் வேலை போகும். எழுதாமல் வண்டியை விட்டால் பாலத்தில் என்ன ஆகும் என்று தெரியாது. பிறகு விறுவிறுவென்று தன் அறைக்குப் போனார். மைக்கில் குரல் வந்தது.

"செவிலிமேடு வழியா மாகறல் போற வண்டி பழுதாயிடுச்சி. வண்டி போவாது. எறங்கி வேற வண்டி பாத்துக்குங்க."

அத்தனை வருஷத்தில் அந்த மைக்கில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். ஜனங்கள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். தலையில் கூடையோடு ஒரு அம்மா, "இப்பதானே ஜம்முனு வந்து நின்னுது, அதுக்குள்ள அதுக்கு இன்னா நோவு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் டிரைவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

போனதுமே டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல தண்ணியே இல்லியே. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிட்னி நின்னு போயிருக்கும். யாருய்யா பேதிக்குக் குடுத்தது?" என்று கோபமாகக் கேட்டார். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். பதில் சொல்லும் நிலையில் இல்லை.

ஆனால் பஸ் ஸ்டாண்டு பதில் சொல்லிவிட்டது. பேதி என்றதும் எல்லோருக்கும் ஒரே பேர்தான் ஞாபகம் வந்தது. விளக்கெண்ணெய். 'சொந்த மாப்பிள்ளைக்கே ஊத்திக் கொல்லப் பாத்துட்டான்யா' என்று என் கடையிலேயே நின்று பேசினார்கள். நான் வாயைத் திறக்கப் போனபோது டைம் கீப்பர் வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டார். அவர் தங்கை ஆஸ்பத்திரி வாசலில் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டெப்போவிலிருந்து ஆள் வந்து வண்டியைப் பார்த்தார்கள். எந்தப் பழுதும் இல்லை. முகூர்த்த நாளில் ஓடக்கூடிய வண்டியை ஏன் நிறுத்தினாய் என்று விளக்கம் கேட்டார்கள். என் தவறு என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். தூரத்தில் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

கிளம்புகிற நாளில் கடைக்கு வந்து வழக்கம்போல் கிளாஸை வாங்கிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் குடுக்கல, அவனே வாங்கிக் குடிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லிடலாமில்ல சார்?"

"சொன்னா, ஏன் குடிச்சான்னு கேப்பாங்க. டெஸ்டுக்குப் பயந்துக்கினுன்னு சொல்லணும். டெஸ்டுக்கு ஏன் பயம்னு கேப்பாங்க." தண்ணீரை ஊதிக் குடித்தார். "அவனுக்கு கொஞ்சம் டைம் வேணும் மாஸ்டர். ஈரலு அவன விட நல்ல மனசுக்காரன். விட்டுக் குடுத்தா திரும்ப எழுந்துக்கும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது."

சைக்கிளை எடுக்கும்போது திரும்பி, "வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு கிளாஸ் குடு. டீ கேப்பான். அப்புறம் குடுக்கறேன்னு சொல்லு" என்றார்.

வயிற்றுப்போக்கு என்று லீவில் இருந்ததால் டிரைவர் அந்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. அடுத்த முறைக்குத் தள்ளிப் போட்டார்கள். டாக்டரம்மா சொன்னபடி மருந்து சாப்பிட்டார். குடியை விட்டது சுலபமாக நடக்கவில்லை. இரண்டு முறை வழுக்கினார். மூன்றாம் முறை பிடித்துக்கொண்டார். சாயங்காலம் குடிக்கப் போகிற நேரத்துக்குச் செவிலிமேடு வரை நடந்துவிட்டு வருவார். அவர் பெண்சாதி கீரையும் மோரும் கட்டிக் கொடுத்தாள். மழைக்காலம் போய் அடுத்த வெயில் வந்தபோது பரிசோதனை நடந்தது. தேறிவிட்டார். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் டிரைவர், கண்டக்டர் எல்லோரும் நிற்கும்போது அவரே வாயைத் திறந்து நடந்ததை முழுக்கச் சொன்னார். பிறகு பெண்சாதியும் அவருமாகப் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய் மச்சானைப் பார்த்துவிட்டு வந்தார்கள். விளக்கெண்ணெய் என்கிற பேரை அதற்கப்புறம் நான் யார் வாயிலும் கேட்கவில்லை.

நீங்கள் திட்டுகிறீர்களே, அந்த டிரைவர்தான் இவர். கிளம்புவதற்கு முன்னால் இறங்கி மூலையில் இருக்கும் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவார். நம் கடையில் சுடுதண்ணீர் வாங்கிக் குடிப்பார். இப்போதிருக்கும் டைம் கீப்பர் வந்த புதிதில் கத்திப் பார்த்தார். யாரோ கதையைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் மைக்கில் மாகறல் வண்டியை அறிவித்துவிட்டு ஜன்னல் வழியாக நம் கடைப் பக்கம் பார்ப்பார். கிளாஸ் கீழே இறங்கிய பிறகுதான் கண்டக்டர் விசில் ஊதுவார்.

பச்சைப் பாக்கெட்டை நான் எடுக்கவில்லை பெரியவளே. வைத்த இடத்தில்தான் இருக்கிறது. பிரிப்பதற்கு முன்னால் ஒருமுறை அந்த டிரைவரிடம் பேசிப் பார். அவர் உனக்கு எல்லாவற்றையும் சொல்வார், வெட்கப்பட மாட்டார்.

நாளைக்கு வண்டி நிற்கும்போது மணியைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள். நீங்களும் இறங்கி வாருங்கள். இரண்டு கிளாஸில் சுடுதண்ணீர் ஆற வைத்திருப்பேன். குடித்து முடித்துவிட்டே ஏறுங்கள். அதுவரை அந்த வண்டி போகாது.